கல்லடியும் கண்ணடியும்: ஒரு கெய்ரோ வாசலைப் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழின் நடுப்பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் வரைந்த ஒரு பழைய தெருக்காட்சியை அச்சிட்டிருந்தோம். பெரிய கல் வளைவு, அதன் தலைக்கு மேல் இரண்டு மினாராக்கள், கீழே நெருக்கியடிக்கும் தலைப்பாகைக் கூட்டம். கெய்ரோ என்பதைத் தவிர வேறு குறிப்பு கொடுக்கவில்லை. அதனாலோ என்னவோ கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அரசியல், சினிமா, சமையல் கேள்விகள் எல்லாம் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளட்டும். இந்த வாரம் முழுக்க அந்த ஒரு வாசல்தான்.

அந்த வளைவுக்குப் பெயர் உண்டா? யார் கட்டியது?
ஆசிரியை, சேலம்

ஒன்றுக்கு இரண்டு பெயர். வரலாற்றில் அது பாப் ஸுவைலா. அரபியில் பாப் என்றால் வாசல். ஸுவைலா என்பது ஃபாத்திமிய அரச வம்சத்தின் படையில் இருந்த ஒரு வட ஆப்பிரிக்கப் பெர்பர் குலத்தின் பெயர், அந்த வீரர்கள் குடியிருந்த பக்கம் இது. 969-ல் ஃபாத்திமியர்கள் எகிப்தைப் பிடித்துக் கெய்ரோவை உண்டாக்கினார்கள். முதலில் எழுப்பிய மதிலும் வாசல்களும் பழுதானபின், ஆர்மீனிய வம்சத்தில் வந்த பத்ர் அல்-ஜமாலி என்ற மந்திரி கல்லாலேயே புதிதாகக் கட்டினார். வடக்கே பாப் அல்-ஃபுதூஹ், பாப் அல்-நஸ்ர் இரண்டும் 1087-ல், தெற்கே நம் வாசல் 1092-ல். அந்த மதிலின் பெரிய வாசல்களில் இன்றைக்கும் நிற்பவை இந்த மூன்றுதான். எடெஸ்ஸா நகரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு வாசல் கட்டினார்கள் என்று மக்ரீஸி எழுதி வைத்திருக்கிறார், பதினைந்தாம் நூற்றாண்டில் கெய்ரோவைத் தெருத் தெருவாகப் பதிவு செய்தவர் அவர்.

இரண்டாவது பெயர்தான் ராபர்ட்ஸ் தன் படத்துக்கு வைத்தது: முதவல்லி வாசல். அதை அவர் ஆங்கிலக் காதுக்கு ஏற்ப மெத்வாலி என்று எழுதினார். நம் ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு முத்தவல்லி இருப்பாரே, அதே சொல்தான். பொறுப்பைக் கையில் வைத்திருப்பவர் என்று பொருள். இந்த வாசலுக்குப் பொறுப்பு யார் என்பது தனிக் கதை, கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

படத்தில் இருப்பது போலவே அந்த இடம் நிஜமாக இருந்ததா, இல்லை ஓவியர் கூட்டிக் கொடுத்தாரா? அவ்வளவு உயரம் நம்ப முடியவில்லை.
கட்டடப் பொறியாளர், திருச்சி

கட்டடங்களை அவர் கற்பனையில் உண்டாக்கவில்லை. இரண்டு பக்கமும் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கோபுரங்கள், நடுவே அரைவட்ட வளைவு, கோபுரங்களின் முதுகில் ஏறி நிற்கும் மினாராக்கள் எல்லாம் உள்ளவைதான். மினாரா முனை தெருவிலிருந்து ஐம்பது மீட்டர் வாக்கில் இருக்கும், அதனால் உயரமும் முழுப் பொய் இல்லை. ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ராபர்ட்ஸ் எங்கே தொழில் படித்தார் என்று பார்க்க வேண்டும்.

ராபர்ட்ஸ் 1796-ல் எடின்பரோ பக்கத்தில் ஸ்டாக்பிரிட்ஜில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். ஓவியப் பள்ளியில் வளர்ந்தவர் இல்லை. ஏழு வருடம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசும் மேஸ்திரியிடம் எடுபிடியாக இருந்து, மரத்தைப் போலவும் சலவைக்கல்லைப் போலவும் சுவரில் பூசக் கற்றுக்கொண்டார். அப்புறம் ஒரு சர்க்கஸ் கம்பெனிக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் திரை எழுதினார். லண்டன் வந்து ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு பெரிய அரங்குகளுக்கும் திரை எழுதிப் பெயர் வாங்கினார். 1827-ல் துருக்கி அரண்மனையில் நடக்கும் மொட்ஸார்ட்டின் ஓபரா லண்டனில் அரங்கேறியபோது காட்சிகளை அமைத்தவர் இவர்தான். கிழக்கு நாடுகளை அவர் கண்ணால் பார்த்தது அதற்குப் பதினோரு வருடம் கழித்து! அதாவது துருக்கியை மனத்தால் கட்டி ஆயிரம் பேர் முன்னால் நிறுத்திய பிறகுதான் அவர் கெய்ரோவுக்கே போனார்.

நாடகத் திரை எழுதுபவருக்கு ஒரு கணக்கு உண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனும் வாயைப் பிளக்க வேண்டும். அதற்குக் கட்டடத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை, ஆளைச் சிறிதாக்கினால் போதும். நம் படத்தை மறுபடி எடுத்து வைத்து, கட்டை விரலால் கீழே இருக்கும் கூட்டத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள். வாசல் சட்டென்று இயல்பான அளவுக்கு இறங்கிவிடும். விரலை எடுங்கள், மறுபடி வானத்துக்கு ஏறும். நான் இதைப் பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன். கல்லின் அமைப்பில் அவர் நேர்மையானவர், ஆளின் அளவில் மேடைக்காரர். இரண்டையும் சேர்த்தே இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம், ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளிவிடக் கூடாது.

அந்தக் கூட்ட நெரிசலில் நின்று எப்படி வரைந்திருப்பார்?
பத்தாம் வகுப்பு மாணவர், காரைக்குடி

தம்பி, நல்ல கேள்வி. சிரமப்பட்டுத்தான். 1838 செப்டம்பரில் அலெக்ஸாண்டிரியாவில் இறங்கி, நைல் நதியில் படகு பிடித்து அபு சிம்பல் வரை போய், டிசம்பர் கடைசியில் கெய்ரோவுக்குத் திரும்பினார். 1839 பிப்ரவரி முதல் வாரம் வரை அங்கேயே இருந்து வரைந்தார். சுமை ஏற்றிய ஒட்டகம் உரசிக்கொண்டு போகும் சந்துகள் அவை. வாசல் வழி உள்ளே போகும் சுமை, வெளியே வரும் சுமை, தண்ணீர்க்காரன், கழுதை எல்லாம் அந்த ஒரு வளைவுக்குள்தான் நுழைய வேண்டும். நம்மூர்க் கீரை மார்க்கெட் நடுவில் ஒருவர் நோட்டை விரித்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

பள்ளிவாசல்களுக்குள் நுழைந்து வரைய அவருக்கு அனுமதி கிடைத்தது, அந்தக் காலத்தில் ஒரு ஐரோப்பியருக்கு அது லேசில் கிடைக்காது. இரண்டு நிபந்தனைகள். துருக்கி உடை உடுத்த வேண்டும். பன்றி முடியில் செய்த தூரிகை எதையும் உள்ளே கொண்டு வரக் கூடாது. இரண்டுக்கும் சம்மதித்து, கிருதாவை மழித்துக்கொண்டு, உடையை மாற்றிக்கொண்டு போனார்.

தெருவில் நின்று அவர் செய்தது பென்சில் கோடும் நீர்வண்ணமும்தான். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த வாசலின் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது, அதன் வருடம் 1843. அதாவது ஊருக்குத் திரும்பி நான்கு வருடம் கழித்து, தன் அறையில் உட்கார்ந்து, பழைய நோட்டைப் பார்த்துத் தீட்டியது.

வாசலுக்கு மேல் எதற்கு மினாரா? பள்ளிவாசல் எங்கே?
வாசகி, கீழக்கரை

பள்ளிவாசல் வாசலை ஒட்டி உள்பக்கமாக இருக்கிறது. சுல்தான் முஅய்யத் ஷெய்க் கட்டியது, வேலை தொடங்கியது 1415-ல். அவர் சுல்தான் ஆவதற்கு முன் ஒரு தளபதியாக இருந்தபோது, இதே இடத்தில் இருந்த சிறையில் அடைபட்டுக் கிடந்தார். பேனும் பூச்சியும் கடித்துத் தூக்கமில்லாத ராத்திரிகளில், "நான் இங்கிருந்து உயிரோடு வெளியே போய் ஆட்சியும் கைக்கு வந்தால், இந்தச் சிறையை இடித்துவிட்டுத் தொழுகை இடம் கட்டுவேன்" என்று நேர்ந்துகொண்டார். இரண்டும் நடந்தது, நேர்ச்சையை நிறைவேற்றினார். முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய நகர வாசலின் கோபுரங்கள் பக்கத்திலேயே பலமாக நின்றதால், அவற்றையே அடித்தளமாக வைத்து மினாராக்களை ஏற்றிவிட்டார்கள். கட்டியவர் பெயர் முஹம்மது இப்னு அல்-கஸ்ஸாஸ் என்று மினாராவிலேயே பொறித்திருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரின் கையெழுத்து இப்படி நிலைத்திருப்பது அபூர்வம்.

ஆனால் முதல் முயற்சியில் ஒரு மினாரா சாய்ந்துவிட்டது. இந்தக் கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. 1418-ல் அது சாயத் தொடங்கியதும் ஜனங்கள் பயந்துபோனார்கள், இடித்து இறக்க உத்தரவு வந்தது, கல் விழும் என்று வாசலைச் சுமார் ஒரு மாதம் மூடி வைத்தார்கள். ஊரே அதைத்தான் பேசியது. அப்போது கெய்ரோவில் இரண்டு பெரிய ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்கள் இருந்தார்கள், இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி ஒருவர், பத்ருத்தீன் அல்-அய்னி இன்னொருவர். இருவருக்கும் ஆகாது. இப்னு ஹஜர் ஒரு கவிதை கட்டினார்: அழகான அந்த மினாரா சாய்ந்துகொண்டே சொல்கிறதாம், "என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள், என் அழகைக் கெடுத்தது அய்ன்தான்" என்று. அய்ன் என்றால் கண். கண்ணேறு பட்டுச் சாய்ந்தது என்றும் படிக்கலாம், அய்னி என்ற ஆளால் சாய்ந்தது என்றும் படிக்கலாம். பதில் உடனே வந்தது. "கண்பட்டது என்கிறார்கள், அது தப்பு, அது இடிந்ததற்குக் காரணம் ஹஜரின் மட்டமான தரம்தான்" என்று. ஹஜர் என்றால் கல்.

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அந்தக் கல்லும் கண்ணும் அறுநூறு வருடத்துக்கு முன் கெய்ரோவில் இரண்டு அறிஞர்களின் பெயராகவே நின்று சண்டை போட்டிருக்கின்றன. மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் செத்துப்போகும் சிலேடை இது. தமிழில் சொல்லும்போது மட்டும் பாதி உயிராவது நிற்கிறது.

வாசல் கதவில் ஆணி அடிப்பார்களாமே, பல்லைக்கூடச் செருகுவார்களாமே, உண்மையா?
செவிலியர், நாகர்கோவில்

உண்மை. ராபர்ட்ஸ் போவதற்குச் சில வருடம் முன் கெய்ரோவில் வாழ்ந்து ஊர்ப் பழக்கங்களை எழுதிய எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் இதைப் பதிவு செய்திருக்கிறார். தலைவலிக்காரர் கதவில் ஒரு ஆணி அடிப்பார், வலி ஆணியோடு போய்விடும். பல்வலிக்காரர் பல்லைப் பிடுங்கிக் கதவு இடுக்கில் செருகிவிடுவார், அடுத்த பல்லுக்கு வலி வராது. கதவு இரும்புத் தகடு போர்த்திய பெரிய மரக் கதவு, அதனால் இடுக்குக்குப் பஞ்சமில்லை.

இதற்கெல்லாம் காரணம், மேலே விட்டு வைத்தேனே, அந்த முதவல்லிதான். இறைநேசர்களில் தலையாயவரை குத்பு என்பார்கள். யார் கண்ணுக்கும் தெரியாத அந்தக் குத்பு, கெய்ரோவில் தங்கும் இடம் இந்த வாசல் கதவுக்குப் பின்னால் என்று ஜனங்கள் நம்பினார்கள். கடந்து போகிறவர்கள் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டுப் போவார்கள், இருக்கிறாரா என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப் புளியமரத்து ஆணிகளும் தர்கா மரத்தில் தொங்கும் தொட்டில்களும்தான் ஞாபகம் வந்தன. வலி வந்தவன் வலியை எங்கேயாவது இறக்கி வைக்கத்தான் பார்ப்பான். எதிரியைத் தடுக்கச் செய்த கதவு ஏழெட்டு நூற்றாண்டில் ஊருக்குப் பல்வலி மருத்துவராக மாறியது எனக்கு இந்தப் படத்தைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது. வருத்தம் என்னவென்றால், மேடைத் திரை தூரத்தில் நின்று வரைந்தவரின் படத்தில் அந்த ஆணிகள் தெரியாது. நாம்தான் தெரிந்துகொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

தூக்கு மேடையாகவும் இருந்ததாமே?
வாசகர், மதுரை

ஆமாம். 1260-ல் மங்கோலிய ஹுலாகு சரணடையச் சொல்லி அனுப்பிய தூதர்களைக் கொன்று, சுல்தான் குத்ஸ் அவர்கள் தலைகளை இங்கேதான் தொங்கவிட்டார். அதே வருடம் செப்டம்பரில் அய்ன் ஜாலூத் போரில் மங்கோலியர் தோற்றார்கள். 1517 ஏப்ரலில் இங்கே தூக்கில் போடப்பட்டவர் எகிப்தை ஆண்ட மம்லூக் வம்சத்தின் கடைசி சுல்தான் தூமான் பே. ஒட்டோமான் சுல்தான் சலீம் கெய்ரோவைப் பிடித்தபின் நடந்தது. தூமான் பே கூடியிருந்த ஜனங்களைப் பார்த்து எனக்காக ஃபாத்திஹா ஓதுங்கள் என்று கேட்டார், தானும் ஓதினார். கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாம் முறைதான் உயிர் போனது என்று அப்போது வாழ்ந்த இப்னு இயாஸ் எழுதியிருக்கிறார். ஊர் அழுதது.

மன்னிக்கவும், எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. ஆள்பவர்கள் வந்து ஆளப்படுபவர்களை வேடிக்கை பார்த்த படம்தானே இது? இதைப் போய்க் கொண்டாட வேண்டுமா?
முனைவர் பட்ட மாணவி, சென்னை

மன்னிப்பு எதற்கு? நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஒரு சின்னத் திருத்தம்: 1838-ல் எகிப்தைப் பிரிட்டன் ஆளவில்லை, ஒட்டோமான் பேரரசின் பெயரில் முஹம்மது அலி பாஷா ஆண்டார், பிரிட்டிஷ் படை வந்தது 1882-ல். ராபர்ட்ஸ் ஊருக்குத் திரும்பும் முன், 1839 மே மாதம் அலெக்ஸாண்டிரியாவில் பாஷாவை நேரில் பார்த்தார், அந்தச் சந்திப்பையும் வரைந்திருக்கிறார்.

ஆனால் உங்கள் கேள்வியின் மையம் சரியானது. எட்வர்ட் செய்த் 1978-ல் கிழக்கைப் பற்றிய மேற்கின் பார்வையை அலசியபின், இந்த மாதிரிப் படங்களைப் பழைய மாதிரி வெறுமனே ரசித்துவிட்டுப் போக முடியாது. ராபர்ட்ஸின் ஆட்களுக்கு முகம் இல்லை. உடை இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது, துணியின் மடிப்பு இருக்கிறது, முகம் இல்லை. கல்லுக்கு அவர் கொடுத்த நேரத்தில் கால் பங்குகூட மனிதருக்குக் கொடுக்கவில்லை. கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல்களாகவே அவர்களை நிறுத்தியிருக்கிறார். அதைக் குறை என்றே சொல்வேன், பெரிய குறை.

அப்படியும் நான் இந்தப் படத்தை விடமாட்டேன். தெருவை அவர் காலி செய்யவில்லை பாருங்கள். வாசலை மட்டும் அழகாக எடுத்துக்காட்ட நினைத்திருந்தால் ஜனங்களை அகற்றிவிட்டு ஒரு இடிபாடு போல வரைந்திருக்கலாம், அந்தக் காலத்தில் ரோமாபுரி வளைவுகளை அப்படி நிறையப் பேர் வரைந்தார்கள். இவர் கடையை, சுமையை, நெரிசலை உள்ளே விட்டார். அந்த முகமில்லாத கூட்டத்துக்கு முகம் கொடுக்க நம்மிடம் மக்ரீஸி இருக்கிறார், இப்னு இயாஸ் இருக்கிறார், சண்டை போட்ட இரண்டு அறிஞர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை, அந்தத் தெருவில் நடந்தவர்கள். அவர்களைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் அது வேறு படம். உங்கள் ஆய்வுக்கு இது உதவுமானால் எனக்கு மகிழ்ச்சி.

எங்கள் தாத்தா வாங்கிய ஒரு ராபர்ட்ஸ் படம் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. அசலா என்று எப்படித் தெரியும்?
வாசகர், புதுச்சேரி

முதலில் அசல் என்றால் எது என்று பார்த்துவிடலாம். உலகம் முழுக்கப் பரவியது அவர் கையால் தீட்டிய ஓவியம் இல்லை, அதிலிருந்து எடுத்த கல்லச்சு. மூன் என்ற லண்டன் பதிப்பாளர் பதிப்புரிமைக்கு மூவாயிரம் பவுண்டு கொடுத்து, 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். படத்தைக் கல்லில் எழுதியவர் லூயி ஹாக், பெல்ஜியத்துக்காரர். பிறவியிலேயே வலது கை ஊனம், இடது கையாலேயே அவ்வளவும் எழுதினார்.

கல்லச்சு வேலை எப்படி என்றால், பவேரியாவின் ஸோல்ன்ஹோஃபன் பக்கம் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லைத் தேய்த்து, அதில் எண்ணெய்ப் பசையுள்ள கரிக்கோலால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், கோடு தண்ணீரை ஒட்டவிடாது. மையை உருட்டினால் கோட்டில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம். ஒரே தொல்லை, இடவலம் மாறி விழும், அதனால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வரைய வேண்டும். மணல் நிறத்துக்கு வேறு கல். விலை உயர்ந்த பிரதிகளுக்கு அச்சான பின் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். நம் பக்கத்திலும் அரபுத் தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வந்தவைதான், பழைய முஸ்லிம் குடும்பங்களில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

இப்போது உங்கள் படம். சட்டத்தைக் கழற்றி, பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியை வானப்பகுதியில் வையுங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக, பூப்பூவாக அடுக்கியது போலத் தெரிந்தால் அது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு, எவ்வளவு பழுப்பேறியிருந்தாலும் சரி. கரிக்கோலைச் சொரசொரப்பான தாளில் தேய்த்தது போல ஒழுங்கில்லாத மணல் மாதிரித் தெரிந்தால் கல்லச்சாக இருக்க வாய்ப்பு உண்டு. வண்ணம் கோட்டைத் தாண்டி லேசாக வழிந்திருந்தால் கையால் தீட்டியது. அளவும் முக்கியம். முதல் பதிப்பின் பெரிய தாள்கள் ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டருக்கு நாற்பத்து மூன்று, 1855-56-ல் வந்த சிறிய பதிப்பு அதைவிட மிகச் சின்னது, அதுவும் பழையதுதான் என்றாலும் விலை வேறு. ஆஃப்செட் என்று தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாத்தா விரும்பி வாங்கி மாட்டியது.

அப்போது காமிரா இல்லையா?
வாசகர், ஈரோடு

வாசலில் நின்றுகொண்டிருந்தது. ராபர்ட்ஸ் எகிப்தை விட்டுக் கிளம்பியது 1839 மே. தாகேர் என்பவரின் புகைப்பட முறை பாரிஸில் பகிரங்கமாக விளக்கப்பட்டது அதே வருடம் ஆகஸ்டில். நவம்பரிலேயே இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அலெக்ஸாண்டிரியாவில் காமிராவோடு இறங்கிவிட்டார்கள். ஆறே மாதம்.

இந்தப் படத்துக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு?
ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, வேலூர்

உங்கள் துறை வழியாகவே ஒரு தொடர்பு இருக்கிறது ஐயா. ராபர்ட்ஸ் கெய்ரோ போனது சூயஸ் கால்வாய் வருவதற்கு முப்பது வருடம் முன்பு. ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் மாதக்கணக்கில் ஆகும் என்பதால், வாக்ஹார்ன் என்பவர் இந்தியத் தபாலை அலெக்ஸாண்டிரியாவில் இறக்கி, கெய்ரோ வழியாகப் பாலைவனம் கடந்து சூயஸில் மறுபடி கப்பல் ஏற்றும் வழியை நடத்திக் காட்டினார். 1843 முதல் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பல்கள் சூயஸிலிருந்து இலங்கையின் காலி, சென்னை, கல்கத்தா என்று ஓடின. அதனால் அந்த வருடங்களில் சென்னைக்கு வேலைக்கு வந்த துரைமார் பலர் வழியில் கெய்ரோவைப் பார்த்தவர்கள்தான். ராபர்ட்ஸின் கல்லச்சுத் தாள்கள் விற்பனைக்கு வந்துகொண்டிருந்த அதே வருடங்கள்.

இன்றைக்குப் போனால் பார்க்க முடியுமா? வெறும் வளைவைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா?
பயண ஏற்பாட்டாளர், கோயம்புத்தூர்

முடியும், போகலாம். 1998-லிருந்து 2003 வரை அமெரிக்க எகிப்து ஆய்வு மையம் எகிப்தியத் தொல்பொருள் துறையோடு சேர்ந்து வாசலைப் பழுதுபார்த்தது. இப்போது கட்டணம் கொடுத்து மேலே ஏறலாம். ஒரு யோசனை சொல்கிறேன்: வாசலில் போய் இறங்காதீர்கள். வடக்கே பாப் அல்-ஃபுதூஹில் இறங்கி முயிஸ் தெரு வழியாக நடந்து வாருங்கள், ஒன்றரை கிலோமீட்டர் வாக்கில் இருக்கும், பழைய கெய்ரோவின் முதுகெலும்பே அதுதான். வாசலை நெருங்கும்போது இடது கையில் நஃபீஸா அல்-பைதா என்ற சீமாட்டி 1796-ல் கட்டிய தண்ணீர்ப் பந்தல் வரும், மேலே சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம், கீழே தெருவில் போகிறவர்களுக்குத் தண்ணீர். ராபர்ட்ஸ் பிறந்த அதே வருடம். அவசரக்காரர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

வளைவுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள், கூரை ஆழமில்லாத ஒரு கல் குமிழ். வெளியே வந்து திரும்பி நின்றால் கோபுரங்களின் உள்விலாவில் பூவிதழ் போல வளைந்த அலங்கார வளைவுகள் தெரியும், வட ஆப்பிரிக்க வேலை. ஒரு காலத்தில் இங்கே தரையில் வழுக்கும் கருங்கல் சரிவு இருந்ததாம், எதிரிக் குதிரைகள் கால் ஊன்றக் கூடாது என்று. சுல்தான் காமிலின் குதிரையே அதில் வழுக்கியதும் பெயர்க்கச் சொல்லிவிட்டார் என்கிறார் மக்ரீஸி.

அப்புறம் மினாரா. படி இருட்டு, குறுகல், ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களை முதல் தளத்தோடு நிறுத்திவிடுங்கள். மேலே போனால் வடக்கே நீங்கள் நடந்து வந்த தெரு கத்தி கீறியது போல நேராகக் கிடக்கும். தெற்கே கீழே பார்த்தால் மூடுகூரை போட்ட ஒரு சந்து, கூடாரக்காரர் தெரு. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போடும் பந்தல் துணிகளைச் செய்பவர்கள் அங்கே சின்னச் சின்னக் கடைகளில் காலை மடக்கி உட்கார்ந்து, வெட்டிய துணித்துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டுக்கொண்டிருப்பார்கள். இறங்கியதும் அங்கே போய் ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கேட்டால் தையலை நிறுத்தாமலே பேசுவார்கள்.